பைலட் ஊட்டுக்காரர்

வீரபாண்டியில் எந்தப் பெட்டிக்கடையில் வேண்டுமானாலும் "பைலட் ஊடு எதுங்க?" என்று கேட்டால் வழி சொல்வார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் சிமென்ட்டில் ஒரு விமானம் இருக்கும். வீடு கட்டிய மேஸ்திரி தன் ஆசைக்கு வைத்தது. இறக்கைக்கு ஒரு எஞ்சின் வீதம் இரண்டு வைத்திருந்தார். வீட்டுக்காரர் பறந்த விமானத்துக்கு நாலு எஞ்சின். அதை அவர் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. தான் பைலட் இல்லை என்பதையும் ஊரிடம் சொல்லவில்லை. இரண்டையும் சொல்லியிருக்கலாம்.

அவர் பெயர் கந்தவேல். குன்னத்தூர் பக்கம் நெசவுக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. படித்து, பத்தொன்பது வயதில் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஒன்பது வருடம் எஞ்சினைக் கழற்றி மாட்டிய பிறகு சரக்கு விமானத்தில் ஃப்ளைட் எஞ்சினியர் ஆக்கினார்கள். 1990இல் வெளியே வந்து, ஒரு விமான கம்பெனியில் அதே வேலையில் பழைய ஜம்போவில் பதிமூன்று வருடம் பறந்தார்.

இன்றைய விமானங்களில் முன்னால் இரண்டு பேர்தான். அந்தக் காலத்தில் மூன்றாவது ஒருவர் இருந்தார். துணை பைலட்டுக்குப் பின்னால், பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சுவர் முழுக்க முள்ளும் சுவிட்சும் விளக்கும். நாலு எஞ்சின், நாலு ஜெனரேட்டர், ஏழு டேங்க். எந்த டேங்கிலிருந்து எந்த எஞ்சினுக்கு எரிபொருள் போக வேண்டும், உள்ளே இருக்கும் நானூறு பேருக்குக் காற்றழுத்தம் எவ்வளவு வேண்டும், எல்லாம் அவர் பொறுப்பு. கிளம்புவதற்கு முன் டார்ச் அடித்து டயரிலிருந்து வால்வரை சுற்றிப் பார்ப்பவரும் அவர்தான். பறக்கும்போது அரை மணிக்கொரு தடவை எல்லா முள்ளையும் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும்.

ஒரு தடவை கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாம் எஞ்சினின் ஆயில் குறைவதை அந்தத் தாளில்தான் கண்டுபிடித்தார். விளக்கு எதுவும் எரியவில்லை. மணி எதுவும் அடிக்கவில்லை. போன அரை மணிக்கும் இந்த அரை மணிக்கும் நடுவில் ஒரு சின்ன வித்தியாசம், அவ்வளவுதான். கேப்டனிடம் சொல்லி எஞ்சினை அணைத்து, பக்கத்து விமான நிலையத்தில் இறக்கினார்கள். இறங்கும்போது பயணிகள் கைதட்டினார்கள். கேப்டன் வாசலில் நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். கந்தவேல் அப்போதும் உள்ளே உட்கார்ந்து தாளை எழுதி முடித்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு அவர் எப்படிப் பைலட் ஆனார் என்பது இரண்டு வரிக் கதை. 1993இல் வீரபாண்டியில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். மனைவி சாரதாமணியின் அண்ணன் பழனிமுத்து பத்திரிகை அடிக்கிற வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'கேப்டன் கந்தவேல்' என்று அச்சடித்துவிட்டார்.

"ஃப்ளைட் எஞ்சினியருன்னு போட்டா எவனுக்குங்க மாப்ள தெரியும்? விமானத்துல மோட்டார் ரிப்பேரும்பாங்க. கேப்டன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியுமுங்க."

ஐந்நூறு பத்திரிகையும் அச்சாகி வந்திருந்தது. கந்தவேல் அதையே எல்லோருக்கும் கொடுத்தார்.

2003இல் கம்பெனி பழைய ஜம்போக்களை விற்றது. புதிய விமானத்தில் அவர் பார்த்த சுவரின் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்தது. நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்த ஃப்ளைட் எஞ்சினியர்களுக்குப் பைலட் பயிற்சி கொடுத்தார்கள். அவருக்கு நாற்பத்தேழு. தரையில் ஏதோ ஒரு மேற்பார்வை வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார். பழனிமுத்துவின் பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர், கம்ப்ரசர், அயர்ன் மேசைகளுக்கு நீராவி தரும் பாய்லர், இந்த மூன்றும் அவர் பொறுப்புக்கு வந்தன.

நான் அவரைப் பார்த்தது அங்கேதான். குன்னத்தூருக்கு மேற்கே எங்கள் ஊரில் முதல் பட்டதாரி நான். பி.காம். என் அப்பா கரும்பு வெட்டியவர். மூன்று வருடம் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்து வாங்கிய பட்டம், இப்போதும் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அந்தப் பெருமை எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் தொழிற்சாலையைச் சோதிக்க அனுப்பும் ஆடிட்டர்களுக்கு ஃபைல் தயார் செய்வது என் வேலை. கம்பெனியில் என்னை 'டிகிரி' என்றே கூப்பிடுவார்கள். கேலி என்று தெரியும். ஆனாலும் பிடித்திருந்தது.

கந்தவேல் ஜெனரேட்டர் அறையில் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போடமாட்டார். சுவரில் இருக்கும் போர்டைப் பார்த்துப் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் மூன்று இடத்திலும் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவார். சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த பாய்லர்க்காரர் ராமருக்கு அதுதான் பொழுதுபோக்கு.

"என்ன பைலட்டு சார், இன்னிக்கு எங்கன எறக்கப் போறிய? துபாயா, சிங்கப்பூரா?"

"பல்லடந்தானுங்க. சீட் பெல்ட் போட்டுக்குங்க ராமர்."

"பெல்ட்டுக்கு எங்க போவேன், அர்ணாக்கயிறுதான் இருக்கு."

இருவரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. பட்டம் வாங்காத ஒருவரை எல்லோரும் சார் என்பது எனக்குள் எங்கேயோ இடித்துக்கொண்டிருந்தது.

2007 ஆனியில் பெங்களூரிலிருந்து ஒரு ஆடிட்டர் வந்தார். பாய்லரின் பாதுகாப்பு வால்வு எத்தனை கிலோ அழுத்தத்தில் திறக்கும் என்று கேட்டார். நான் ஃபைலைப் பார்த்து ஏழு என்றேன். பின்னால் நின்ற கந்தவேல் மெதுவாக, "அது பழைய பாய்லரோட பேப்பருங்க. இது பத்தரை" என்றார். ஆடிட்டர் வால்வில் இருந்த தகட்டைக் குனிந்து பார்த்தார். பத்தரை. பிறகு அந்த அரை மணி நோட்டை வாங்கி ஒரு மணி நேரம் புரட்டினார். சாயங்காலம்வரை அவர் சார், சார் என்றது கந்தவேலைத்தான். நான் தயார் செய்து வைத்திருந்த பதினேழு ஃபைலில் நாலைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

கந்தவேல் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அந்த வருடம் ஆவணியில் அவருடைய ஒரே மகள் மதுமதிக்கு மாப்பிள்ளை கூடி வந்தது. பையன் வேல்குமார், பி.இ., பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனான். இருவருக்கும் பிடித்திருந்தது. இரண்டு தடவை போனிலும் பேசினார்கள். பையனின் அம்மா ஜானகியம்மாள் பொங்கலூர்ப் பக்கம் தறி வைத்து நடத்துபவர், கணவர் இல்லை, எதையும் தானே விசாரிக்கிறவர். அவருடைய விசாரணையில்தான் அந்தப் பேச்சு வெளியே வந்தது. நாலு வருடமாக ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு. தண்ணியைப் போட்டுவிட்டு விமானம் ஓட்டினதால் பைலட்டை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்பது.

ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வருடங்களில் பேப்பரைத் திறந்தால் புதிது புதிதாக விமான கம்பெனி. பைலட் பற்றாக்குறை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள், மாதச் சம்பளம் லட்சக்கணக்கில் என்று செய்தி. அப்படியிருக்க, ஒரு பைலட் பனியன் கம்பெனியில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தால் யார்தான் வேறு என்ன நினைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருவதாக ஜானகியம்மாள் சொல்லியனுப்பினார். சனிக்கிழமை மத்தியானம் கந்தவேல் என்னை ஜெனரேட்டர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு சின்ன லைசென்ஸ் புத்தகமும், தடித்த லாக் புக் ஒன்றும் இருந்தன.

"கண்ணு, நாளைக்கு நீ ஊட்டுக்கு வரோணும். நான் பைலட் இல்லைன்னு சொல்லிப்போடலாம்னு இருக்கறேன். குடிகாரன்ங்கற பேரோட என்ற புள்ளைய அனுப்ப முடியாது. ஆனா என்னயப் பத்தி நானே சொன்னா பீத்தற மாதிரி இருக்கும். நீ படிச்ச பையன். எடுத்துச் சொன்னீன்னா கேப்பாங்க."

அப்புறம் இரண்டு மணி நேரம் சொன்னார். எஞ்சின் ஃபிட்டராக இத்தனை வருடம் வேலை பார்த்திருந்தால்தான் தேர்வுக்கே கூப்பிடுவார்கள். விமானம், எஞ்சின், எரிபொருள், எடை, விதிமுறை என்று ஒவ்வொன்றுக்கும் பரீட்சை. ஒரு பேப்பர் போனாலும் திரும்ப எழுத வேண்டும். அவர் ஒருமுறை தோற்று, மறுமுறை தொண்ணூற்றியொரு மார்க் வாங்கியிருந்தார். அதற்கு மேல் நூறு மணி நேரம் ஒரு சீனியரின் கண்ணுக்கு முன்னால் பறந்து காட்ட வேண்டும். அதன் பிறகுதான் லைசென்ஸ். அதோடும் விடமாட்டார்கள். வருடா வருடம் டாக்டர் பரிசோதனை. ஆறு மாதத்துக்கொரு தடவை சிமுலேட்டரில் உட்கார வைத்து, எஞ்சினில் தீப்பிடித்தது என்பார்கள், காற்றழுத்தம் போய்விட்டது என்பார்கள். அதில் தப்பினால் மறுநாளிலிருந்து பறக்க முடியாது.

"லாரி டிரைவர்கூட லைசென்ஸ் வாங்கிப்போட்டா இருவது வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டியதில்ல. நான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாஸ் பண்ணோணும்."

லாக் புக்கைத் திறந்து காட்டினார். பதினோராயிரத்துச் சொச்சம் மணி நேரம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கேப்டனின் கையெழுத்து.

இன்னொன்றும் சொன்னார். விமானத்தில் சரிபார்க்கும் பட்டியலை ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். படிக்கிறவர் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் முதலிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். எது விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது, அதனால்.

எல்லாவற்றையும் சின்னத் தாளில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பழனிமுத்து கடைசி முயற்சியாக ஒன்று செய்து பார்த்தார்.

"மாப்ள, எதுக்குங்க வம்பு? கண்ணுல கோளாறு, அதுனால பறக்க உடலைன்னு சொல்லீரலாமுங்க."

"பேரன் பேத்திக்கும் வருமான்னு கேப்பாங்க மச்சான்."

"செரி, பிரஷருன்னு?"

"அதுக்கும் அதேதான்."

"அப்ப ஊட்டுக்காரிக்கு ஒடம்பு செரியில்ல, கூட இருந்து பாத்துக்கோணும்னு…"

சமையல்கட்டிலிருந்து சாரதாமணியின் குரல் வந்தது. "ஏனுங்கண்ணா, என்னயக் கொன்னே போட்டா இன்னும் சுளுவா முடிஞ்சுருமுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு.

பதினொரு மணிக்கு ஜானகியம்மாளும் அவருடைய கொழுந்தனாரும் வந்தார்கள். வந்ததுமே சாரதாமணி, "இலை போட்டிருக்குதுங்க, சாப்புட்டுப் பேசலாமுங்க" என்றார்.

"இருக்கட்டும் கண்ணு. பேசிப்போட்டுக் கை நனைச்சுக்கலாம்."

பேச்சு முடிந்து மனசு ஒத்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பது. இலையில் ஈ உட்காராமல் மதுமதி உள்ளே நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

"கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்கோ" என்று ஜானகியம்மாள் ஆரம்பித்தார். "பேப்பரப் பொறட்டுனா பைலட் வேணும், பைலட் வேணும்னு போட்டிருக்குது. நீங்க இங்க ஜெனரேட்டர் பாத்துட்டு இருக்கறீங்க. ஊருக்குள்ள ஒண்ணு சொல்றாங்க. அதை என்ற வாயால நான் சொல்ல மாட்டேன்."

"குடிச்சுப்போட்டு ஓட்டுனேன்னு சொல்றாங்க" என்றார் கந்தவேல். "நான் குடிக்கறது இல்லீங்க. ஓட்டுனதும் இல்லீங்க."

"ஓட்டுனதில்லீங்களா?"

"நான் பைலட் இல்லீங்கம்மா. ஃப்ளைட் எஞ்சினியர்."

பழனிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். கொழுந்தனார்தான் முதலில் பேசினார். "ஏனுங்க, புது ஊட்டுப் புண்ணியார்ச்சனைப் பத்திரிகை எங்கூட்டுக்கும் வந்துதுங்களே. கேப்டன்னு கொட்டை எழுத்துல இருந்துதே?"

"இருந்துதுங்க. அதை நான் மறுக்காம உட்டது தப்புங்க."

லைசென்சை எடுத்து டீப்பாய் மேல் வைத்து, "இந்தப் படிச்ச பையன் எடுத்துச் சொல்லுவானுங்க" என்று என்னைக் காட்டினார். ஜானகியம்மாள் அதைத் தொடாமல் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் படிச்ச பையனா தம்பி? இதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு."

படித்தேன். பெயர், நம்பர், பறந்த விமானத்தின் ரகம், முத்திரைகள்.

"எஞ்சினியருன்னா எந்தக் காலேஜு தம்பி?"

லைசென்சில் காலேஜ் இருக்காது. அவருடைய ஃபைல் கம்பெனியில் என்னிடம் இருந்ததால் எனக்குத் தெரியும்.

"காலேஜ் இல்லீங்க."

"டிகிரி?"

"இல்லீங்க. ஐ.டி.ஐ."

சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. தொண்ணூற்றியொரு மார்க் இருந்தது, நூறு மணி நேரம் இருந்தது, ஆறு மாதத்துக்கொரு பரீட்சை இருந்தது. நான் பட்டத்துக்கு எழுதிய அத்தனை பரீட்சையையும் கூட்டினால் அவர் எழுதியதில் பாதி வராது. வாய் வரவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். வாய் நன்றாக வந்தது. டிகிரி இல்லை என்று சொன்னபோது அந்த அறையில் நான் ஒருவன்தான் டிகிரிக்காரன் என்பது எனக்கு இனித்தது. அதற்குமேல் சொன்னால் அந்த இனிப்புக் கெட்டுவிடும் என்று நிறுத்தினேன்.

கந்தவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வரியைப் படிப்பேன் என்று காத்திருக்கிற பார்வை. பிறகு அவராகவே, "பரீட்சையெல்லாம் எழுதித்தானுங்க லைசென்சு…" என்று ஆரம்பித்தார். அவர் பயந்தது போலவேதான் ஆனது. தன்னைத் தானே புகழ்கிறவரின் குரலாக அது அவர்கள் காதில் விழுந்தது.

ஜானகியம்மாள் எழுந்துவிட்டார்.

"குடிச்சிருந்தாக்கூட, ஆம்பளைங்க, ஏதோ நடந்து போச்சுன்னு உட்டிருப்பேனுங்க. பதினாலு வருசம் ஊரையே ஏமாத்தியிருக்கறீங்களே. நாளைக்கு இன்னும் என்னென்ன வெளிய வருமோ? போய்ட்டு வாரோமுங்க."

"தண்ணியாச்சும் குடிச்சுப்போட்டு…" என்று சாரதாமணி செம்போடு வந்தார். அதையும் வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இலைகளை மதுமதிதான் எடுத்தாள். நான் கிளம்பும்போது வாசல் கேட் பக்கம் வந்து, சத்தம் போடாமல் கேட்டாள்.

"அப்பா நேத்து உங்ககிட்ட ரெண்டு மணி நேரம் சொன்னாருங்களாமா?"

"ஆமாங்க."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை கந்தவேல் வழக்கம்போல வந்தார், பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் போய் நின்றேன். "சொல்லுங்க சார், என்ன ஃபைல் வேணும்?" என்றார். அந்த நாளிலிருந்து கண்ணு என்று என்னைக் கூப்பிடவே இல்லை. எங்கள் பக்கத்தில் மரியாதை கொடுத்தே ஒருவனைத் தூரத் தள்ளிவிட முடியும். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஊரும் மாறவில்லை. குடிகாரன் என்றது போய், பொய்க்காரன் என்றது வந்தது. ராமர்கூட விமானக் கேலியை நிறுத்திவிட்டார். பாவம் பார்த்து நிறுத்தியதுதான். கேலி இருந்தபோதே கந்தவேலுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த தையில் மதுமதிக்கு வேறொரு இடம் அமைந்தது. சேலத்துக்காரர்கள். ஊர்ப்பேச்சு எட்டாத தூரம். இந்த முறை எல்லாவற்றையும் பழனிமுத்துவே பேசினார். "எங்க மாப்ள கந்தவேல் ரிட்டயர்டு கேப்டனுங்க. வி.ஆர்.எஸ். வாங்கியாச்சுங்க. சும்மா இருக்க முடியலைன்னு நம்ம கம்பெனியப் பாத்துக்கறாரு." அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முதல் தடவை வந்தபோதே சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை என்னிடம்தான் கொடுத்தார்கள், படித்தவன் என்று. 'கேப்டன் (ஓய்வு) கந்தவேல்' என்று இருந்தது. நான் அதைக் கந்தவேலிடம் கொண்டுபோனேன். பேனாவை எடுத்து முதல் இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, பெயரை மட்டும் விட்டுத் திருப்பிக் கொடுத்தார். பழனிமுத்து அதைப் பார்த்து, அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினார்.

"தம்பி, இதை அவருகிட்டத் திரும்பக் காட்ட வேண்டாம். நேரா பிரஸ்ஸுக்குக் கொண்டுட்டுப் போ."

கொண்டுபோனேன். இந்தத் தடவையும் ஒன்றும் சொல்லாமல்தான்.

'கேப்டன் (ஓய்வு)' என்றே அச்சாகி வந்த பத்திரிகையைக் கந்தவேல் ஒவ்வொருவர் மேசைக்கும் வந்து வெற்றிலைபாக்குத் தட்டோடு கொடுத்தார். என் மேசைக்கும் வந்தார். உறையின் மேல் என் பெயரை அவரே எழுதியிருந்தார். முள்ளைப் பார்த்து எழுதும் அதே சின்ன, நேரான எழுத்து. பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று போட்டு, ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் புள்ளியை மறக்காமல் வைத்திருந்தார்.

"குடும்பத்தோட வந்துருங்க சார்."

சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. தட்டை என் மேசையிலேயே வைத்துவிட்டு, பாய்லரின் முள்ளைப் பார்க்கப் போனார்.